வீட்டைப் பெருப்பிக்கப் போகிறோம், ஆட்கள் நடக்கிற வழியை எப்படிச் சரிக்கட்டுவது?

குளக்கட்டு (விசுவமடு) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை லட்சத்தோடு என் சங்கிலியையும் அடைவு வைத்து, 550 சதுர அடியில் ஒரு வீடு கட்டினோம். தறப்பாளுக்குள்ளும் தகரக் கொட்டிலுக்குள்ளும் இருந்துவிட்டு வந்த எங்களுக்கு அன்றைக்கு அது மாளிகை. படத்தை நாங்களும் மேசனும் சேர்ந்துதான் தெரிவு செய்தோம், அதனால் ஒருவரையும் குறை சொல்ல வரவில்லை. அப்போது பிள்ளைகள் சின்னன். இப்போது மூத்தவள் உயர்தரம் படிக்கிறாள், இளையவளும் பெரிய பிள்ளை. மாமி எங்களோடுதான். போன வருஷத்தில் இருந்து என் அண்ணாவும் எங்களோடு இருக்கிறார். 2009இல் முள்ளந்தண்டில் காயப்பட்டவர், அன்றில் இருந்து சக்கர நாற்காலிதான்.

வீட்டைச் சொல்கிறேன், மனதில் கீறிப் பாருங்கள். வீட்டு முகம் வடக்கு, றோட்டும் வடக்கு. முன்பக்கம் முழுக்க 5 அடி விறாந்தை. உள்ளே போனால் கிழக்குப் பக்கம் 10க்கு 14 ஹோல். மேற்குப் பக்கம் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக 10க்கு 10 அறை இரண்டு, இரண்டின் கதவும் ஹோலுக்குள்தான் திறக்கும். ஹோலுக்குப் பின்னால் குசினி, 10க்கு 8. குசினிப் பின்கதவால் இரண்டு படி இறங்கினால் வளவு. கக்கூஸ் 45 அடி தள்ளித் தென்மேற்கு மூலையில், கிணறு வடகிழக்கில்.

அண்ணா ஹோலில்தான் படுக்கிறார். அறைக் கதவு நிலையின் உள்ளகலம் 27 அங்குலம், அவருடைய நாற்காலி 26. நேராக வந்தால் நுழையும், ஆனால் ஹோலில் கட்டிலும் மேசையும் கிடக்க, திருப்பி நேராக்க இடமில்லை. எந்தக் கதவில் இருந்து எந்தக் கதவுக்குப் போனாலும் அண்ணாவின் கட்டிலைச் சுற்றி மூத்தவளின் கதிரைக்குப் பின்னால்தான் போக வேணும். முந்தநாள் நான் எண்ணிப் பார்த்தேன், பின்னேரம் ஆறு மணியில் இருந்து எட்டு மணி வரைக்கும் அவளுடைய முதுகுக்குப் பின்னால் முப்பத்தொரு தரம் ஆட்கள் போய் வந்திருக்கிறோம். அதில் பதினான்கு தரம் நான். ஒவ்வொரு தரமும் அந்தப் பிள்ளை கதிரையை மேசையோடு ஒட்டி இழுக்கிறது, பேனையைக் கீழே வைக்கிறது, பிறகு எடுக்கிறது.

அண்ணாவுக்கு உடுப்பு மாற்றவும் யூரின் பை மாற்றவும் மறைப்பு இல்லை. வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், கயிற்றில் என் பழைய சீலை ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார். கக்கூசுக்குப் போவதென்றால் முன்வாசலால் இறங்கி வீட்டைச் சுற்றிப் போகவேணும், ஐப்பசி கார்த்திகையில் சில்லு மணலுக்குள் புதைந்துவிடும். முன்னுக்கு ஒரு சாய்தளம் போட்டிருக்கிறோம், 6 அடி நீளம், ஆனால் யாராவது பின்னால் நின்று தள்ளாமல் அவரால் ஏற முடியாது.

இப்போது கொஞ்சக் காசு சேர்ந்திருக்கிறது. மேசன் சொல்வது, குசினிக்குப் பின்னால் 10க்கு 12இல் ஒரு அறையும் பாத்ரூமும் இறக்கி அண்ணாவுக்குக் கொடுப்போம், வழி குசினிக்குள்ளால். இவர், என் கணவர், சொல்வது, முன்விறாந்தையில் பாதியை அடைத்தால் செலவு குறைவு. எனக்கு இரண்டும் மனதுக்குப் பிடிக்கவில்லை, ஏனென்று சொல்லவும் தெரியவில்லை. அறை ஒன்று கூடும், ஆனால் இந்தச் சுற்றல் நிற்காது என்று படுகிறது. இப்படி வீடு வைத்திருக்கிறவர்கள், கட்டிக் கொடுத்தவர்கள் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேலே காசு இல்லை, பிழைத்தால் திருத்த முடியாது.

நூல்மட்டம் (முள்ளியவளை) எழுதியது:

தங்கச்சி, நான் இருபது வருஷத்துக்கு மேலாக வீட்டுப் படம் கீறுகிறவன். உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கு விளங்குகிறது. நீங்கள் அறை காணாது என்று நினைக்கிறீர்கள், உண்மையில் உங்களுக்கு ஹோலே இல்லை. நான்கு கதவு வைத்த 10க்கு 14 ஹோல் ஒரு ஒழுங்கை. கதவில் இருந்து கதவுக்கு ஆள் போக 3 அடி, கதவுக்கு முன்னால் நின்று திறக்க இன்னொரு 3 அடி, இதையெல்லாம் 140 சதுர அடியில் கழித்துப் பாருங்கள், சாமான் வைக்க மிஞ்சுவது ஒரு மூலைதான். அந்த மூலையில் ஒரு கட்டிலும் ஒரு மேசையும் என்றால் எப்படி?

இவரும் மேசனும் சொல்கிற இரண்டிலும் ஒரே பிழை இருக்கிறது. மேசன் சொல்கிறபடி செய்தால் உங்கள் அண்ணா நித்திரைக்குப் போகவும் எழும்பி வரவும் அடுப்புக்கு முன்னால் போகவேணும். இவர் சொல்கிறபடி செய்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவருடைய சுவரை உரசிக்கொண்டு வருவார்கள், விறாந்தையும் போய்விடும். எங்கள் வெயிலுக்கு விறாந்தையை அடைத்த வீட்டில் இருக்க ஏலாது.

இனி நான் சொல்வதைச் செய்யுங்கள். கொப்பியில் கீற முதல், முற்றத்தைக் கூட்டிவிட்டு வீட்டை அப்படியே அதே அளவில் சாம்பலால் நிலத்தில் கீறுங்கள். கதவு வருகிற இடத்தில் கோட்டை விட்டுவிடுங்கள். கட்டில், மேசை, அடுப்பு எல்லாவற்றுக்கும் பாயோ பலகையோ போடுங்கள். அப்புறம் ஒரு நாளை நடந்து பாருங்கள். விடியப்புறம் எழும்பி யார் எங்கே போகிறது, தண்ணீர் எந்த வழியால் வருகிறது, பாடசாலைக்கு வெளிக்கிடும்போது யார் யாரோடு முட்டுகிறது. உங்கள் அண்ணாவை அவருடைய நாற்காலியோடு அந்தக் கோடுகளுக்குள் விடுங்கள். சில்லு எந்த இடத்தில் சாம்பலை அழிக்கிறதோ அந்த இடத்தில் சுவரோ நிலையோ இடம் விடாது. பத்து வருஷமாக நான் படம் கீறுகிற எல்லாருக்கும் இதைச் செய்விக்கிறேன், ஒரு வீட்டிலாவது ஒரு கதவு இடம் மாறாமல் இருந்ததில்லை.

படிக்கிற காலத்தில் எங்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தந்தார்கள். ஜேர்மனியில் 1920களில் வீட்டுப் பஞ்சம் வந்தபோது அலெக்சாண்டர் கிளைன் என்ற கட்டடக் கலைஞர், வீட்டுப் படங்களின் மேல் ஆட்கள் நடக்கிற வழியைக் கோடாகக் கீறிப் பார்த்தார். ஒரே அளவு வீடு இரண்டில், ஒன்றில் கோடுகள் நூல் சிக்குப்பட்டது போல் இருக்கும், மற்றதில் ஒன்றையொன்று வெட்டாமல் போகும். அதே காலத்தில், 1926இல், மார்கரெட்டே ஷூட்டே லிகொட்ஸ்கி என்ற பெண் பிராங்பேர்ட்டில் தொழிலாளர் வீடுகளுக்காக ஒரு குசினி செய்தார், அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர், எங்கள் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினொரு அடி. எட்டி எடுக்கிற தூரம் எல்லாவற்றையும் அளந்து செய்தது. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிவராது. அது ஒரு ஆள் நின்றுகொண்டு சமைக்கிற குசினி. எங்கள் குசினியில் ஒருவர் திருவலையில் இருந்து தேங்காய் திருவுவார், ஒருவர் கீழே இருந்து மீன் வெட்டுவார், ஒருவர் அடுப்பில் நிற்பார். நிலத்தில் இருக்கிற ஒரு ஆளுக்கு 3 அடிக்கு 3 அடி வேணும், அவருக்குப் பின்னால் போக வழியும் வேணும். அந்தக் கோடு போடுகிற பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அளவை உங்கள் வீட்டில் எடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு எனக்குப் படுகிற வழி இதுதான். புது அறையை அண்ணாவுக்குக் கொடுக்காமல், இருக்கிற முன் அறையை அவருக்குக் கொடுங்கள். ஹோல் பக்க நிலையைக் கழற்றி உள்ளகலம் 3 அடியாகப் பெருப்பியுங்கள், மேலே லிண்டல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். அந்த அறையில் இருந்து வடக்கே விறாந்தைக்கு நேரே இன்னொரு கதவு. மேற்குச் சுவருக்கு வெளியே அவருக்கென்று பாத்ரூம். நீங்களும் இவரும் புது அறைக்குப் போங்கள், அதைப் பின் அறைக்குத் தெற்கே கட்டுங்கள். பின் அறை பிள்ளைகளுக்கும் மாமிக்கும். குசினிக்குப் பின்னால், புது அறையின் கிழக்குச் சுவரோடு சேர்த்து ஒரு பத்தி இறக்கிக் கிறில் போட்டால் பின்விறாந்தை வந்துவிடும், புது அறைக் கதவு அதற்குள் திறக்கட்டும்.

அப்படியென்றால் நீங்கள் குசினிக்குள்ளால்தானே போகவேணும் என்று கேட்பீர்கள். ஓம், ஆனால் குசினியில் கதவு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இப்போது ஹோல் பக்கக் கதவு எந்த மூலையில், பின்கதவு எந்த மூலையில்?

குளக்கட்டு எழுதியது:

அண்ணா, ஹோல் பக்கக் கதவு கிழக்கு ஓரம், பின்கதவு மேற்கு ஓரம். அடுப்பு தென்கிழக்கு மூலையில், அக்கினி மூலை என்று வைத்தது.

நூல்மட்டம் எழுதியது:

அப்போ பின்பக்கம் போகிற ஒவ்வொருவரும் குசினியை மூலைக்கு மூலை வெட்டிக்கொண்டு போகிறார்கள். மாமி சோறு வடிக்கக் கஞ்சிப் பானையைத் தூக்கித் திரும்புகிற இடமும் பிள்ளை ஓடிவருகிற இடமும் ஒன்றுதான். ஹோல் பக்கக் கதவை மேற்கு ஓரத்துக்கு மாற்றுங்கள், ஏழு அடிதான், பழைய துவாரத்தைக் கல் வைத்து அடைத்தால் அந்த இடத்தில் தட்டு அடிக்கலாம். இரண்டு கதவும் ஒரே சுவரோரம் நேராக வந்தால் 3 அடி அகலத்தில் ஒரு பாதை ஒதுங்கிவிடும், மிச்சம் 7க்கு 8 சமைக்கிறவர்களுக்கு. ஹோலிலும் ஒரு மாற்றம் வரும். முன்கதவு தவிர மற்ற மூன்று கதவும் மேற்குப் பக்கம் வந்துவிடும், நடக்கிற வழி முழுக்க அந்தப் பக்கச் சுவரோடு போகும், கிழக்கு யன்னலடியில் மூத்தவளின் மேசைக்கு ஒருவரும் போகாத ஒரு மூலை கிடைக்கும். ஒரு கதவு மாற்றுகிற செலவில் ஒரு படிக்கிற அறை.

சோளகம் தென்மேற்கில் இருந்து வீசுவதால் அடுப்பு அந்த மூலையில் இருப்பது நல்லது, புகை வீட்டை விட்டு வெளியே போகும். அதை அசைக்க வேண்டாம்.

சாய்தளம் பற்றி: உங்கள் வீட்டு மட்டம் 18 அங்குலம் என்று வைத்தால், 6 அடியில் ஏற்றியது ஒன்றுக்கு நான்கு. ஒன்றுக்குப் பன்னிரண்டு வேணும், அதாவது 18 அடி. 18 அடிக்குக் கொங்கிறீற் போடக் காசு இல்லையென்றால் படலையில் இருந்தே கிறவல் போட்டு முற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டு வாருங்கள், கடைசி 6 அடியில் 6 அங்குலம் ஏறினால் போதும் என்கிற அளவுக்கு. மேல் முடிவில் விறாந்தை 5 அடி இருக்கிறது, நாற்காலி திரும்பக் காணும்.

பரந்தன் சந்தி எழுதியது:

நானும் 2009இல் இருந்து நாற்காலியில் இருக்கிறவன்தான், அதனால் அண்ணாவின் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

முன் அறை என்று சொன்ன அண்ணாவுக்கு முதலில் நன்றி. எங்களுக்கு அறை கட்ட வருகிற எல்லாரும் பின்னுக்குத்தான் இடம் பார்ப்பார்கள். பாத்ரூம் கிட்ட, அமைதி, ஒருவரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்பார்கள். நான் அப்படி ஒரு பின் அறையில் நான்கு வருஷம் இருந்தேன். வீட்டுக்கு வந்துபோன ஆட்களை, அவர்கள் போனபிறகுதான் நான் அறிவேன், சத்தம் கேட்கும், யாரென்று தெரியாது, கேட்டால் வந்து சொல்வார்கள். நாற்காலியை உருட்டி ஹோலுக்கு வருவதற்கிடையில் வந்தவர் படலையைத் தாண்டிவிடுவார். இப்போது முன்னுக்கு இருக்கிறேன், காலையில் விறாந்தைக் கதவைத் திறந்தால் றோட்டால் போகிற பிள்ளைகள் கை காட்டிவிட்டுப் போவார்கள். உங்கள் அண்ணாவுக்கு விறாந்தைக்கு நேரே கதவு வையுங்கள். ஒருவரையும் எழுப்பாமல், ஒருவரிடமும் கேட்காமல் வெளியே போய் வருவது என்றால் என்னவென்று நடக்கிறவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம்.

இனி அளவு. 27 அங்குல நிலைக்குள் 26 அங்குல நாற்காலி நுழையும் என்று எழுதியிருக்கிறீர்கள். நுழைவது நாற்காலி. கை எங்கே போகும்? சில்லைப் பிடித்துத் தள்ளுகிற கைமுட்டி இரண்டு பக்கமும் வெளியே நிற்கும். அண்ணாவின் கையைப் பாருங்கள், மொளி எல்லாம் தோல் உரிந்து காய்த்திருக்கும். கதவுப் பலகை திறந்து நிற்கிற தடிப்பையும் கழித்து உள்ளகலம் 32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 3 அடி நிலை வைத்தால் அது வரும். நிலைக்குக் கீழ்க்கட்டை வைக்க வேண்டாம். ஒரு அங்குலக் கட்டையில் முன்சில்லு அடித்து ஆள் முன்னால் விழுந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பாத்ரூமில் திரும்ப 5 அடி வட்டம் வேணும், ஆகவே உள்ளளவு 6க்கு 8க்குக் குறையாமல் எடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே விழுந்தால் உட்பக்கம் திறக்கிற கதவை ஆளே மறித்துக்கொண்டு கிடப்பார், வெளியே இருந்து தள்ள முடியாது. கொமட் இருக்கையின் உயரத்தை நாற்காலியின் இருக்கையோடு ஒப்பிட்டு அளந்துவிட்டுப் பதியுங்கள், மேசன் வழமையாக வைக்கிற உயரம் குறைவு. கொமட்டுக்கு ஒரு பக்கம் 3 அடி சும்மா விடுங்கள், நாற்காலியை ஒட்டி நிறுத்தி மாறி இருக்க. மற்றப் பக்கச் சுவரில் கைபிடிக் குழாய், சும்மா ஆணி அடிக்காமல், கல்லுக்குள் சீமெந்து வைத்து இறுக்க வேணும், முழு உடம்புப் பாரமும் அதில்தான் வரும். எந்தப் பக்கம் மாறுவது அவருக்கு லேசு என்று அவரைக் கேளுங்கள். எனக்கு இடது, எல்லாருக்கும் அப்படி இல்லை.

இதையெல்லாம் அண்ணாவோடு இருந்து கதைக்கிறீர்களா? உங்கள் பதிவில் இவர் சொன்னது இருக்கிறது, மேசன் சொன்னது இருக்கிறது, அண்ணா சொன்னது இல்லை. கோபத்தில் எழுதவில்லை அக்கா.

காலபோகம் (மல்லாவி) எழுதியது:

எல்லாம் வடிவாகச் சொல்கிறீர்கள், நெல்லை மறந்துவிட்டீர்கள். விசுவமடுப் பக்கம் வயல் இருக்கிற வீடு என்றால் மாசி பங்குனியில் மூட்டை வீட்டுக்குள் வரும். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் நாற்பது மூட்டை ஹோலில் அடுக்கி, மூன்று மாதம் பக்கவாட்டாகத்தான் நடந்தோம். ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறவருக்குக் கண் நேரே மட்டும்தான் தெரியும், அவரால் திரும்ப முடியாது, உழவு மெஷின் பெட்டியில் இருந்து மூட்டை இறக்கிற இடம் வரைக்கும் நேர் வழி வேணும். அந்தப் பின்விறாந்தையின் ஒரு அந்தத்தில் 6 அடிக்கு ஒரு களஞ்சிய அறை, வெளியே இருந்து நேரே திறக்கிற மாதிரி வைத்தால் ஹோல் தப்பும். நிலத்தில் பலகை போட்டு உயர்த்த மறக்க வேண்டாம், எலி வந்தால் எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

இன்னொன்று, ஆம்பிளைகள் படம் கீறும்போது நினைக்காத விஷயம். பெரிய பிள்ளைகள் குளித்துவிட்டு எந்த வழியால் அறைக்கு வருகிறார்கள்? எங்கள் வீட்டில் கிணற்றடியில் குளித்துவிட்டு நனைந்த பாவாடையோடு முன்விறாந்தையால் ஏறி ஹோலைக் கடந்து அறைக்குப் போகவேணும். யாராவது வந்திருந்தால் வெளியே வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று, அவர்கள் போகும்வரை குளிரில் நடுங்குவோம். நான் அப்படி நின்றிருக்கிறேன். உங்கள் பின்விறாந்தையில் ஒரு குளிக்கிற அறை இருந்தால், பிள்ளைகள் குசினி ஓரத்தால் வந்து பின் அறைக் கதவுக்குள் போய்விடலாம், ஹோலில் நான்கு அடிதான் கடக்கவேணும். அந்தக் கதவு முன்கதவில் இருந்து பார்த்தால் தெரிகிறதா என்று நூல்மட்டம் அண்ணா சொன்ன சாம்பல் கோட்டில் நின்று பாருங்கள்.

என் அம்மம்மாவின் காலத்தில் இந்தக் கரைச்சல் இல்லை. மண்வீடு ஒன்று, குசினிக் கொட்டில் தனிய, தலைவாசல் தனிய, நடுவில் சாணி மெழுகின முற்றம். வந்தவர்கள் தலைவாசலில் இருப்பார்கள், பெண்டுகள் முற்றத்தின் மற்றப் பக்கத்தால் போவார்கள், ஒருவரோடு ஒருவர் முட்டுவதே இல்லை. அந்த முற்றம்தான் வழியாக இருந்தது. இப்போது எல்லாவற்றையும் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு முற்றத்தை மட்டும் வெளியே விட்டுவிட்டோம்.

மாமிக்கு இரவில் பாத்ரூம் வேணுமே, அதற்கு என்ன வழி? அண்ணாவின் பாத்ரூமுக்கு ஹோல் பக்கத்தாலும் ஒரு வழி வைக்க ஏலாதா?

பரந்தன் சந்தி எழுதியது:

இரண்டு கதவுப் பாத்ரூம் வேண்டாம் அக்கா. ஒருவர் உள்ளே போய் மற்றக் கதவைப் பூட்டுவார், வரும்போது திறக்க மறந்துவிடுவார். எனக்கு அவசரம் வருகிற நேரத்தில் அந்தக் கதவு பூட்டியிருந்தால் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை. மாமிக்குத் தனியாகப் பாருங்கள்.

வயல்வெளி (நெடுங்கேணி) எழுதியது:

முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர் இருக்கவேணும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், காற்று ஓடும். நீங்கள் குசினிக் கதவை மேற்கு ஓரம் மாற்றினால் முன்கதவோடு நேர் வராது. மற்றது, வாசற்படி இல்லாத வாசல் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதையும் யோசியுங்கள்.

நூல்மட்டம் எழுதியது:

காற்றுக்கு யன்னல் இருக்கிறது, கிழக்கு யன்னலைத் திறந்து வைத்தால் சோளகத்துக்குக் காற்று குறுக்காக ஓடும். நேருக்கு நேர் கதவு வைத்த வீட்டில் றோட்டில் நின்றே அடுப்பில் என்ன கறி என்று பார்க்கலாம், அதுவும் யோசிக்கவேணும். வாசற்படிக்கு ஒரு வழி இருக்கிறது, பாலை மரக்கட்டையை நிலத்தோடு நிலமாக, சீமெந்து மட்டத்துக்குப் பதித்துவிடுங்கள். மஞ்சள் பூசலாம், கும்பிட்டுக் கடக்கலாம், சில்லும் உருளும். மூன்று வீட்டில் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன்.

மாமியின் விஷயத்துக்கு: அண்ணாவின் பாத்ரூமில் இருந்து மலக்குழிக்குப் போகிற 4 அங்குலக் குழாய் எப்படியும் வீட்டின் மேற்குப் பக்கத்தால் தெற்கே வரும், 40 அடிக்கு ஒரு அடி சரிவு. பின்விறாந்தைக்குக் கிட்ட வருகிற இடத்தில் ஒரு கிளை விட்டு மூடி வையுங்கள். பிறகு காசு வரும்போது அந்த இடத்தில் இன்னொரு கக்கூஸ் கட்டலாம், நிலத்தைத் திரும்பக் கிண்டத் தேவையில்லை. குழியை இப்போதே இரண்டுக்கும் சேர்த்துப் பெரிதாக வெட்டுங்கள், கிணற்றில் இருந்து 50 அடிக்குக் குறையாமல்.

குளக்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பரந்தன் அண்ணா, நீங்கள் கேட்டது நெஞ்சில் குத்தியது, சரியான கேள்வி. அன்றைக்கு இரவே அண்ணாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "முன்னுக்கு என்றால் நல்லம், வேலியடியில் இரண்டு கத்தரி வைக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சாம்பல் கோடு போட்டோம். பிள்ளைகள் இரண்டும் அளவு நாடாவைப் பிடிக்க, இவர் கோடு போட, மாமி திண்ணையில் இருந்து அடுப்பு இங்கே, அம்மி அங்கே என்று சொல்ல, அயலட்டைச் சனமும் வந்துவிட்டது. அண்ணா தானே உருட்டிக்கொண்டு ஹோலுக்குள் வந்து முன் அறைக்குத் திரும்பினார், 3 அடி வாசலின் வடக்குப் பக்கக் கோட்டை வலது சில்லு அழித்தது. மூன்று தரம் போனார், மூன்று தரமும் அதே இடம். வாசலை எட்டு அங்குலம் வடக்கே தள்ளிக் கீறினோம், நான்காம் தரம் கோட்டில் படாமல் போய், உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி விறாந்தைப் பக்கத்தால் வெளியே வந்தார். இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, விறாந்தையை அடைக்கிற கதையை விட்டுவிட்டார்.

மல்லாவி அக்கா, நீங்கள் சொன்னபடி முன்கதவில் நின்று பார்த்தேன், பின் அறைக் கதவு தெரிகிறது. மூத்தவள்தான் வழி கண்டாள், அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் வைக்கிற புத்தக அலுமாரியை முன்கதவுக்குக் கொஞ்சம் உள்ளே குறுக்காகப் போட்டால் மறையும், நாற்காலி போக 4 அடி மிஞ்சும். களஞ்சியத்துக்கு 6 அடி இப்போதைக்கு வராது, பின்விறாந்தை அந்தத்தில் 4 அடி ஒதுக்கியிருக்கிறோம். குளிக்கிற அறைக்கு மூன்று பக்கம் கல், மேலே சீற், அது வருகிறது.

மேசன் வெள்ளிக்கிழமை அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்க வருகிறார். ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. வாடை மழை வடகிழக்கில் இருந்து சரித்து அடிக்கும், எங்கள் விறாந்தை வடக்குப் பார்த்தது, அண்ணாவின் புது வாசலுக்குக் கீழ்க்கட்டையும் இல்லை. தண்ணீர் உள்ளே வராதா?

நூல்மட்டம் எழுதியது:

வரும். விறாந்தை நிலத்தை வெளிப்பக்கம் 5 அடிக்கு ஒரு அங்குலம் சரிக்கச் சொல்லுங்கள், அந்த வாசலுக்கு நேரே தாவாரத்தை இரண்டு அடி நீட்டிப் பீலி போடுங்கள். சாய்தளம் காய முதல் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துவிட்டால் சில்லு வழுக்காது. வெள்ளிக்கிழமை காலையில் நான் புதுக்குடியிருப்புக்கு வருகிற வேலை இருக்கிறது, கயிறு பிடிக்கிற நேரத்தைச் சொன்னால் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.